பெட்டி எழுதிய தமிழ்

நான் செய்த முதல் ஃபயர்வோல் ஒரு பழைய கணினிப் பெட்டி. யாரோ கழித்துவிட்டது. இடது பக்க மூடி சரியாகப் பொருந்தாததால் டேப் ஒட்டியிருந்தோம். அதற்குள் இரண்டு நெட்வேர்க் கார்டுகளைப் போட்டு, இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம் ஒன்றை ஏற்றியிருந்தேன். இணையத்திலிருந்து ஒரு கந்தோருக்குள், ஓர் அலுவலகத்துக்குள், வருகிற எதுவும் முதலில் அந்தப் பெட்டியைத் தாண்ட வேண்டும். யார் வந்து தட்டுகிறார்கள் என்று பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். பிழையான பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஒருவன் திரும்பத் திரும்பத் தட்டினால் அவனுக்குக் கதவை மூடிவிட்டு, மூடியதைப் பதிவில் எழுதிவைக்கும். திரும்பத் தட்டுபவனைக் கண்டுபிடிக்கும் அந்தப் பகுதி நான் எழுதியது. இதை எழுதும்போதும் அதை நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

முழுவதும் என்னுடையது என்று சொல்ல மாட்டேன். அடிப்படைப் புரோகிராமை எழுதியவர் வேறொரு நாட்டில் இருந்தார். முகம் தெரியாது. எழுதியதை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தார். இதை எடுத்து மாற்றலாம், விலைக்கு விற்கலாம். ஆனால் எவருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கு மூலநிரலையும் கொடுக்க வேண்டும். அதாவது, புரோகிராம் எப்படி எழுதப்பட்டது என்று மனிதர் வாசிக்கக் கூடிய வடிவத்தை. அதுவும், நீ எந்த வடிவத்தை வைத்து வேலை செய்கிறாயோ அதே வடிவத்தில். எழுதியவர்களின் பெயரை அழிக்கக் கூடாது.

கந்தோரில் வேறு யாரும் இதை வாசித்ததில்லை. திரையில் 'சம்மதம்' என்ற பொத்தான் வந்தால் அழுத்திவிட்டுப் போவார்கள். என்னால் அது முடியாது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த தோட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வரிசை வீடுகளில், தண்ணீர்ப் பில் வந்தாலும் பொலிஸ் பதிவுப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை. தண்ணீர்க் குழாய்க்கென்று நினைத்து அவர் கைநாட்டு வைத்த ஒரு தாளால் எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வேறொருவர் கைக்குப் போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் வரும் எந்தத் தாளையும் கடைசி எழுத்துவரை வாசிப்பது என் வேலையானது. லைசென்ஸும் ஒரு தாள்தான். அகராதியை வைத்துக்கொண்டு, பஸ்ஸிலும் கந்தோரிலுமாக வாசித்து முடித்தேன்.

யுத்தம் இறுகிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் கந்தோர் வெள்ளவத்தையில், ஒரு சீலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. முதலாளி யாழ்ப்பாணத்து மனிதர், பாமன்கடையில் குடியிருந்தார். நான் அவரைச் சேர் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். என்னைத் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார். வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்துக்காக நான் காத்திருந்தேன். பிறந்த இடம் ஹட்டன், வசிப்பிடம் கொட்டாஞ்சேனை என்று அடையாள அட்டையில் இருக்கும் ஒரு தமிழ்ப் பொடியனுக்கு அந்தக் கடிதம் சம்பளத்தைவிடப் பெரியது. சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கும்போது, கழுத்தில் தொங்கும் கம்பனிக் கார்டையும் பையிலுள்ள கடிதத்தையும் காட்டுபவன் அதே பஸ்ஸில் திரும்ப ஏறலாம். கடிதம் இல்லாத நான் பலமுறை அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கிறேன்.

முன்பு கம்பனி விற்றதெல்லாம் பூட்டுடைத்த ஃபயர்வோல். சீடிக் கடையில் வாங்கிய மென்பொருள், அதோடு திருட்டுச் சாவி. புதிய ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் அதற்கு வராது. பூட்டுடைத்த ஒன்றைக் காவலுக்கு வைப்பதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதன் விளைவுதான் என் பெட்டி. சேருக்கும் அது பிடித்துப்போனது. கம்பனிப் பெயரை ஸ்டிக்கராக அடித்து முன்பக்கம் ஒட்டினார். ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்ட் வைத்திருந்த ஒரு சரக்குக் கம்பனி முதல் பெட்டியை வாங்கியது.

"சேர், பெட்டியோட சோர்ஸையும் குடுக்கணும்" என்றேன்.

"என்ன சோர்ஸ்?"

"நான் எழுதினது, அந்தாள் எழுதினது, எல்லாம். லைசென்ஸ்ல இருக்கு."

"சும்மா கிடைச்ச சாமானுக்கு என்னடாப்பா லைசென்ஸ்?"

"சும்மா குடுத்தவருதான் சேர் எழுதியிருக்காரு."

"விக்கக் கூடாதெண்டும் எழுதியிருக்காரோ?"

"இல்ல சேர். எவ்வளவுக்கும் விக்கலாம். தொறந்து குடுக்கணும், அவ்வளவுதான்."

"திறந்து குடுத்தா நாளைக்கு அவங்களே செய்வாங்கள். பிறகு நானும் நீயும் கீழ போய் சீலை விக்கிறதோ?"

பெட்டி மட்டும் போனது. நான் மூலநிரலை ஒரு சீடியில் எழுதி, லைசென்ஸையும் சேர்த்து, என் மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டேன். கிழமைக்கு ஒருமுறை சேருக்கு ஞாபகப்படுத்தினேன். கொம்பனித்தெருவிலிருந்து வந்து எங்களுக்குக் கேபிள் இழுக்கும் நண்பன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான்.

"நீ பாரு மச்சான்" என்றான் ஒருநாள், "சேர் ஒனக்கு முந்தி அந்த வெள்ளக்காரனுக்குத்தான் கடிதம் குடுப்பாரு."

ஒரு பிற்பகல் யார்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவர்களது கணினிப் பிரிவு மேனேஜர், சிங்களவர், பெட்டியின் பதிவிலிருந்து இரண்டு வரிகளை ஃபக்ஸில் அனுப்பியிருந்தார். சேர் அதைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில், பெட்டி இப்படி எழுதியிருந்தது:

இவன் திரும்ப வந்துட்டான்.
கதவை மூடியாச்சு.

கீழே மேனேஜரின் கையெழுத்தில் சிங்களத்தில் ஒரு கேள்வி. இது தமிழ்தானே?

புரோகிராம் எழுதும்போது என் தலைக்குள் ஓடுவது வீட்டுப் பேச்சு. பகல் முழுக்க ஆங்கிலமும் சிங்களமும் கதைத்தாலும், எண்ணுவதும் யோசிப்பதும் தமிழில்தான். நிரலுக்குப் பக்கத்தில் எனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்புகளும் அப்படியே. சோதித்துப் பார்ப்பதற்காக அந்த இரண்டு வரிகளையும் தமிழில் போட்டிருந்தேன். பெட்டியைக் கொடுப்பதற்கு முன் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. மாற்றவில்லை. யாரோ தட்டிய ஒவ்வொரு தடவையும் பெட்டி விசுவாசமாகத் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறது.

"உனக்கு விசரா தம்பி?" சேர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "துறைமுகத்துச் சாமான் போற இடம். ஒரு பெட்டி இருந்து தமிழில 'இவன் திரும்ப வந்திட்டான்' எண்டு எழுதுது. அவங்கள் என்ன நினைப்பாங்கள்? நாளைக்குக் காலமை வரட்டாம். ஆமியில இருந்து பென்ஷன் எடுத்த ஒருத்தர் அங்க செக்கியூரிட்டி அட்வைசர். அவரும் இருப்பாராம்."

சேரை ஒருமுறை விசாரணைக்கென்று கொண்டுபோயிருந்தார்கள். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவரைப் பொலிஸில் பதியாமல் வீட்டில் வைத்திருந்ததற்காக. அதைப் பற்றி அவர் கதைத்ததே இல்லை.

"உன்னட்ட பாஸ்வேர்ட் இருக்குத்தானே" என்றார். "இங்க இருந்தே உள்ளுக்குப் போ. அந்த வரியெல்லாத்தையும் அழி. புரோகிராமையும் மாத்து. நாளைக்கு அவங்கள் பார்த்தா ஒண்டும் இருக்கக் கூடாது. மிஷின்ல ஏதோ பிழை, சும்மா எழுத்துகள் வந்ததெண்டு நான் சொல்லுறன்."

"அழிக்க ஏலாது சேர்."

"ஏலாதோ, மாட்டியோ?"

"மாட்டேன் சேர். பதிவை அழிக்கிறவன் வந்தாப் பிடிக்கத்தான் அந்தப் பெட்டியையே வச்சிருக்கு. நாமளே போய் அழிச்சா என்ன அர்த்தம்?"

"அர்த்தம் எல்லாம் பிறகு பாப்பம். முதல்ல வீட்டுக்குப் போய்ச் சேருவம்."

"சோர்ஸ் சீடியைக் கொண்டுபோய்க் குடுத்தா, யாரை வேணும்னாலும் வச்சு வாசிச்சுப் பாக்கட்டும். ஒளிக்க அதுல ஒண்ணும் இல்ல."

"அதுக்குள்ளயும் தமிழோ?"

"குறிப்பெல்லாம் தமிழ்தான்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு, "அந்தச் சீடியோட போறதெண்டா என்ர கம்பனி ஆளா போகாத. கார்டைக் கழட்டி வச்சிட்டுப் போ" என்றார்.

கழற்றி மேசையில் வைத்தேன். சீடியை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. கழுத்தில் கார்டு இல்லாததை வாசலிலேயே பார்த்துவிட்டார். சொன்னேன். அவர் என் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"அழிச்சிட்டு வந்தா என்னாடா?" என்றார். "எழுதத் தெரிஞ்சவனுக்கு அழிக்கத் தெரியாதா? ஒன்னய ஸ்கூலுக்கு அனுப்பினது இதுக்கா, ஆமிக்காரன்கிட்ட நீயே போயி தமிழ்ல எழுதினது நான்தான்னு சொல்றதுக்கா?"

"நான்தானேம்மா எழுதினேன்."

"ஆமா, பெரிய எழுத்து."

அம்மா திட்டிக்கொண்டே என் வெள்ளைச் சேர்ட்டுக்கு அயர்ன் போட்டார். கொலரை இரண்டுமுறை அழுத்தினார்.

மறுநாள் காலை ஒருகொடவத்தைக்கு நடந்தே போனேன். கொள்கலன் லொறிகள் வரிசையாக நின்றன. யார்ட்டின் கேட்டுக்கு முன்னால் ஓர் ஓட்டோ. பக்கத்தில் டை கட்டிக்கொண்டு சேர் நின்றார். அவரை டை கட்டி நான் பார்த்ததே இல்லை. கையில் என் கார்டு.

"கழுத்தில போடு. இது இல்லாம உள்ள விடமாட்டாங்கள்."

"சேர் வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நீ தனியப் போய், உன்னைப் பிடிச்சு வச்சாங்களெண்டா ஆர் வந்து கையெழுத்து வைக்கிறது? உன்ர அம்மாவோ?" சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். நாலடி போய்த் திரும்பி, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன்ர லைசென்ஸ் பிரசங்கம் வேண்டாம்" என்றார்.

அறையில் மேனேஜரும் அட்வைசரும் இருந்தார்கள். அட்வைசர் மெலிந்த மனிதர், மீசை நரைத்திருந்தது. வடக்கில் வேலை செய்த காலத்தில் தமிழ் படித்தவராம். பதிவின் தாள்கள் அவருக்கு முன்னால் கட்டாக இருந்தன. ஒவ்வொரு சொல்லையும் தனியாக வைத்துத் தமிழிலேயே கேட்டார்.

"யார் திரும்ப வந்தது, தம்பி?"

"ஒரு கம்பியூட்டர், சேர்."

"எங்கே இருந்து?"

"வெளிநாட்டு அட்ரஸ் சேர். பக்கத்துல நம்பர் இருக்கு பாருங்க."

"அவன் பெயர்?"

"பேர் தெரியாது சேர். நம்பர் மட்டும்தான்."

"எந்தக் கதவு?"

"நெசக் கதவு இல்ல சேர்."

அவர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஏன் தமிழில் எழுதியது?"

"நான் யோசிக்கிறது தமிழ்ல சேர். எனக்காக எழுதினது. மாத்த மறந்துட்டேன்."

அவர் தாள்களை ஒதுக்கி வைத்தார். பிறகு சிங்களத்துக்கு மாறினார். இந்தப் பெட்டிக்குள் உன் கந்தோரிலிருந்தே போகலாம், இல்லையா? போகலாம் என்றேன். அப்படியென்றால் நேற்றே இந்த வரிகளை அழித்திருக்கலாம்?

"அழிச்சிருக்கலாம் சேர்" என்றேன்.

"ஏன் அழிக்கவில்லை?"

"பதிவு உங்களோடது சேர். எங்களோடது இல்ல."

சேர் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து சீடியை எடுத்து மேனேஜருக்கு முன்னால் வைத்தேன். "இதுக்குள்ள நான் எழுதின எல்லாம் இருக்கு. அந்த வெளிநாட்டுக்காரர் எழுதினதும் இருக்கு. லைசென்ஸ்படி இது உங்களுக்குச் சேர வேண்டியது. பெட்டி தந்த நாளே தந்திருக்கணும்."

மேனேஜர் சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பு ஃபயர்வோல் கொடுத்த கம்பனி தங்களுக்குப் பாஸ்வேர்டையே தரவில்லை என்றார்.

"இந்தச் சீடியையும் தரத்தான் இருந்தோம்" என்றார் சேர், நல்ல சிங்களத்தில், டையைச் சரிசெய்துகொண்டு.

உடனே விடுதலை கிடைக்கவில்லை. எங்கள் இருவரின் அடையாள அட்டை இலக்கங்களையும் எழுதிக்கொண்டார்கள். பெட்டியைக் கழற்றி ஓர் அலுமாரிக்குள் பூட்டினார்கள். நிரலைத் தங்கள் ஆள் வாசித்து முடிக்கும்வரை நான் ஒவ்வொரு நாளும் வந்து பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார் அட்வைசர்.

வாசித்தவர் அந்தக் கம்பனியின் புரோகிராமர், என்னைவிட மூத்த சிங்களப் பெண். என்னை மல்லி என்று கூப்பிட்டார். தம்பி என்று அர்த்தம். முதல் நாள் கடுமையாகத்தான் இருந்தார். திரையில் ஒவ்வொரு தமிழ்க் குறிப்பிலும் விரலை வைத்து, "மேக்க மொகத, மல்லி?" என்பார். இது என்ன என்று கேட்கிறார். நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். சொன்னதைக் கீழே எழுதிக்கொள்வார். பிறகு, சொன்னதைத்தான் நிரலும் செய்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பார். பரீட்சை எழுதுவதைவிட எனக்கு வியர்த்தது. ஆனால் நான் எழுதிய ஒன்றை ஒருவர் இவ்வளவு கவனமாக வாசிப்பது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு குறிப்பில் விரல் நின்றது. அது என்ன என்றார்.

எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "'இந்த எடம் சரியில்ல, அப்புறம் பாக்கணும்'னு எழுதியிருக்கேன்."

"அப்புறம் பார்த்தாயா?"

"இல்ல."

அவர் சிரித்தார். கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்தார். பிழையான பாஸ்வேர்டுகளை என் நிரல் எண்ணும். சரியான பாஸ்வேர்ட் வந்தால் அந்த எண்ணிக்கையைத் திரும்பச் சுழியமாக்க வேண்டும். ஆக்கவில்லை. வீட்டிலிருந்தோ துறைமுகத்திலிருந்தோ உள்ளே வருகிற கிளார்க் ஒருவர் இன்றைக்கு ஒருமுறை, அடுத்த கிழமை ஒருமுறை என்று விரல் தவறி அடித்தாலும் அதெல்லாம் கூடிக்கொண்டே போய், ஒருநாள் அவரையும் கள்ளன் என்று முடிவுசெய்து பெட்டி கதவை மூடிவிடும். சில காலைகளில் துறைமுகத்துக் கிளார்க்குகளால் உள்ளே வர முடியாமல் போனதும், அவர்கள் டெலிஃபோன் லைனைத் திட்டிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

குறிப்புகளை நீக்கிவிட்டுச் சுத்தமாகக் கொடுத்திருந்தால் அவர் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருப்பார். எந்த வடிவத்தில் நீ வேலை செய்கிறாயோ அதே வடிவத்தில் கொடு என்று லைசென்ஸ் ஏன் கேட்கிறது என்பது எனக்கு அந்தக் கதிரையில் இருந்தபோது விளங்கியது. அதுவரை அந்த வரியைச் சட்டம் என்று மட்டுமே வாசித்திருந்தேன். அவர் சொல்ல நான் திருத்தினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேருடைய பெயரையும் போட்டோம். அடிப்படைப் புரோகிராமை எழுதிய அந்த வெளிநாட்டுக்காரருக்கும் அதை அனுப்பினோம். சில நாட்களில் அவர் நன்றி சொல்லி எழுதியதோடு, குறிப்புகள் என்ன மொழி, அழகாக இருக்கிறது என்றும் கேட்டிருந்தார்.

கடைசி நாள் அட்வைசர் வந்து, அந்தப் பெண்ணின் தாள்களைப் புரட்டினார். அவரிடம் ஏதோ கேட்டார். "ஒளித்த எதுவும் இல்லை சேர். ஒரு பிழை இருந்தது, திருத்தியாயிற்று" என்றார் அவர்.

"பெட்டியைத் திரும்பப் பொருத்துங்கள்" என்றார் அட்வைசர். என் பக்கம் திரும்பித் தமிழில், "பதிவு மட்டும் இங்கிலீஷில் எழுத வேண்டும், தம்பி. எனக்கு வாசிக்கத் தெரியும். எனக்குப் பிறகு வருகிறவருக்குத் தெரியாது" என்றார்.

அந்த இரண்டு வரிகளையும் அவர் முன்னிலையிலேயே மாற்றினேன். நிரலுக்குள் இருந்த குறிப்புகளை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. தமிழ் அப்படியே இருக்க, ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பெண் ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்.

அடுத்த கிழமை சேர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடித உறையைத் தந்தார். நிரந்தரக் கடிதம். இரண்டு பிரதி, நான் ஒன்றில் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். பேனையையும் நீட்டினார். நான் கதிரையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். அவர் நீட்டிய பேனையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சேர், இங்க ஒண்ணு."

"தெரியும். ஏதும் இருக்குமெண்டு எனக்குத் தெரியும்."

"வேலை செய்யிற காலத்துல நான் எழுதுற புரோகிராம் எல்லாம் கம்பனிக்கே சொந்தம்னு இருக்கு. அடுத்தவங்க லைசென்ஸ்ல வர்றதை நாம அப்படிச் சொல்ல ஏலாது."

கேபிள் சுற்றிக்கொண்டிருந்த நண்பன் சுற்றுவதை நிறுத்தினான். "மச்சான், கையெழுத்த வச்சிட்டுப் போடா. அல்லாவுக்காக."

சேர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியின் ஓரத்தில், பிறருடைய லைசென்ஸின் கீழ் வருபவை தவிர என்று ஆங்கிலத்தில் பேனையால் எழுதினார். இரண்டு பிரதியிலும் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

"கீழ சீலைக் கடையில உன்னை மாதிரி ஒருத்தன் இருந்தா" என்றார், "அவங்கள் இண்டைக்குவரைக்கும் ஒரு சீலையும் வித்திருக்க மாட்டாங்கள்."

அவர் எழுதியதை ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன். அன்றைக்குக் கட்டிக்கொண்டிருந்த இரண்டாவது பெட்டிக்கான மூலநிரல் சீடியைத் தானே எடுத்து, அதன் மேல் கம்பனி ஸ்டிக்கரை ஒட்டினார் சேர். ஸ்டிக்கருக்குக் கீழே என் பெயரையும், அந்தப் புரோகிராமர் பெண்ணின் பெயரையும், வெளிநாட்டுக்காரரின் பெயரையும் எழுத இடம் விட்டிருந்தார்.